பேர் வாங்கிய இடத்திலேயே நிற்க வேண்டுமா?

எழுத வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். "அண்ணாச்சி, துப்பறியும் கதை எழுதி நாலு பேருக்குத் தெரிஞ்சாச்சு. இப்போ சரித்திரக் கதை எழுத ஆசையா இருக்கு. மாறினா வாசகர்கள் கைவிட்டுருவாங்களோ?"

பயம் நியாயமானதுதான். இன்னார் இன்ன மாதிரி எழுதுவார் என்று தெரிந்தால் பதிப்பாளருக்கும் வசதி, வாங்குகிறவருக்கும் வசதி. ஆனால் எழுதுகிறவனும் அந்த வசதியைப் பார்க்க ஆரம்பித்தால் அவன் வளர்ச்சி அங்கேயே நின்றுபோகும்.

1986 வரை எங்கள் தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த உரிமையில் நெல்லைக்காரரான புதுமைப்பித்தனை நம் ஊர்க்காரர் என்றே சொல்வேன். 1906இல் பிறந்து 1948இல் மறைந்துவிட்ட அந்த மனிதர் எழுதிப் பார்க்காத கதை வகை குறைவு. 'செல்லம்மாள்' அன்றாட வாழ்க்கைக் கதை. சென்னையில் ஜவுளிக்கடைச் சம்பளத்தில் காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியைத் தாமே கவனித்துக்கொள்கிறார். 'காஞ்சனை' பேய்க்கதை. வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிச்சைக்காரியைப் பற்றித் தனக்குள்ள பயத்தைக் கணவனால் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. 'சாபவிமோசனம்' புராணக் கதை. சாபம் நீங்கிய அகலிகையும் கோதமனும் மறுபடி குடித்தனம் நடத்தப் பார்க்கிறார்கள். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைக் கேட்ட அகலிகை, முடிவில் மீண்டும் கல்லாகிறாள்.

மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் வாழும் கணவனும் மனைவியும் ஒருவர் மனதை மற்றவர் எவ்வளவு தூரம் அறிய முடியும் என்ற கேள்வி மூன்றிலும் இருக்கிறது. வெளியே சொல்ல முடியாத பயத்துக்குப் பேய்க்கதை தேவைப்பட்டது. காலங்காலமாகப் பெண் சுமக்கும் பழிக்குப் புராணம் தேவைப்பட்டது. அவர் வகையைத் தேடிப் போகவில்லை. கேள்விதான் அவரை அங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

ஒரே களத்தில் ஊன்றி நிற்பவர்களையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உவரியில் பிறந்து, கப்பல் தொழிலில் இருந்துகொண்டு எழுதியவர் ஜோ டி குருஸ். 2004இல் வந்த 'ஆழி சூழ் உலகு' கட்டுமர மீனவர்களின் வாழ்வு. 2009இல் வந்த 'கொற்கை' ஆயிரம் பக்கங்களைத் தாண்டி, தூத்துக்குடியையும் அதன் தோணித் தொழிலையும் சொல்கிறது. 2013இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அடுத்த 'அஸ்தினாபுரம்' துறைமுகத்துக்கும் கப்பல் வணிகத்துக்கும் போய்விட்டது. கடல் ஒன்றுதான். ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தவன் சரக்குக் கூலிக் கணக்கைத் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வண்ணநிலவன் 'கடல்புரத்தில்' எழுதிப் பேர் வாங்கியவர். கடற்கரை எழுத்தாளர் என்ற அடையாளத்தோடு அவர் நின்றிருந்தால், கதை என்று பெரிதாக எதுவும் இல்லாமல் பாளையங்கோட்டைத் தெரு ஒன்றின் மனிதர்களை மட்டுமே வைத்து எழுதிய 'ரெயினீஸ் ஐயர் தெரு' நமக்குக் கிடைத்திருக்காது. பொன்னியின் செல்வனால் ஊரெல்லாம் அறிந்த கல்கிக்கு, மறைந்த பின் 1956இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்தது 'அலை ஓசை' என்னும் சமூக நாவல்.

மாறலாம் என்பதால் நினைத்தபோதெல்லாம் மாறலாம் என்று அர்த்தமில்லை. நம் கடற்கரையில் சாளைக்கு ஒரு வலை, திருக்கைக்கு ஒரு வலை. கண்ணின் அளவு வேறு, வீசும் ஆழம் வேறு. வலையை மாற்றுகிறவன் அதைப் பழகிக்கொண்டுதான் கடலுக்குப் போவான். புது வகைக்குப் போகும் எழுத்தாளனும் அந்த வகையில் வந்த நல்ல நூல்களை ஆற அமரப் படித்து, எழுதிக் கிழித்து, பழகத்தான் வேண்டும். சந்தையில் விலைபோகிறது என்று மாறுகிறவனுக்கு அந்தப் பொறுமை இருக்காது. வாசகர்கள் அவனைத்தான் கைவிடுவார்கள்.

சரித்திரக் கதை எழுத ஆசைப்படும் தம்பிக்குச் சொல்கிறேன். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகமான கொற்கை, இன்று கடலை விட்டு விலகி உள்ளே கிடக்கிறது. ஒரு நாள் அங்கே போய் நடந்து பார். 2011 முதல் வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கும் தூத்துக்குடித் துறைமுகத்தையும் பார். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணித் தண்டல்களோடு உட்கார்ந்து பேசு. ஒரு துறைமுகம் எப்படிச் செத்துப்போகிறது, அதை நம்பியிருந்த சனங்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி உன்னைத் தூங்கவிடாமல் செய்தால், எழுது. தடயத்தைத் தேடவும் சாட்சி சொல்வதைச் சந்தேகிக்கவும் துப்பறியும் கதையில் நீ பழகியிருக்கிறாய். சரித்திரம் எழுத முதலில் வேண்டியது அந்தப் பழக்கம்தான். அதைக் கூடவே எடுத்துக்கொண்டு போ.