சொல்லும் சுட்டும்

கணிப்பொறியை ஏவும் முறை இருவகைப்படும். விசைப்பலகையில் கட்டளையை எழுதி ஏவுதல் ஒன்று; திரையில் தோன்றும் படத்தைச் சுட்டி ஏவுதல் மற்றொன்று. எழுதும் முறை கடினமானது என்னும் பெயர் பெற்றுள்ளது. அப்பெயர் வந்த வரலாறு சுவையுடையது.

1969-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் இயக்க முறையை ஆக்கத் தொடங்கினர். அந்நாளில் கட்டளைகள் பெரும்பாலும் தொலைத்தட்டச்சுப் பொறி வழியாகவே சென்றன. அப்பொறி நொடிக்குப் பத்து எழுத்தே அச்சிடும். அதன் விசைகளோ விரல் நோக அழுத்த வேண்டியவை. ஆகவே கட்டளைகள் குறுகின. கோப்புகளின் பட்டியலைக் காட்ட ‘எல்எஸ்’, படியெடுக்க ‘சிபி’, அழிக்க ‘ஆர்எம்’ என ஈரெழுத்துச் சொற்கள் பிறந்தன. விரலுக்கு இரங்கிய அவ்வறிஞர் நினைவுக்கு இரங்கிலர்! பொறி வழக்கொழிந்தது, சொற்கள் ஒழியவில்லை. இன்றும் புதிதாய்க் கற்போர் அவற்றை நெட்டுருச் செய்கின்றனர்.

நெட்டுருவின் வருத்தத்தினும் கொடியது பிழையின் விளைவு. ஒருவகைக் கோப்புகளை மட்டும் அழிக்க எண்ணி, ‘ஆர்எம்’ என்பதன்பின் உடுக்குறியும் அவ்வகையின் பெயரும் எழுதுகின்றான் ஒருவன். உடுக்குறியை அடுத்து ஓர் இடைவெளி தவறி விழுந்தால் போதும். அவ்விடத்துள்ள பிற கோப்புகளும் அழிந்துபடும். ‘மெய்யாகவோ?’ என்று பொறி பொதுவாக வினவுவதும் இல்லை. ஒருவனது பல திங்கள் உழைப்பு ஒரு வெற்றிடத்தால் மாய்வது கொடுமையன்றோ?

படமுறையில் இவ்வச்சம் குறைவு. 1968-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் ‘மௌஸ்’ என்னும் சுட்டுகருவியை அவையோர் காண இயக்கிக் காட்டினார். 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறி அம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. குப்பைத்தொட்டிப் படத்தில் இட்ட கோப்பை, தொட்டியை வெறுமையாக்கும் முன்னர் மீட்டுக்கொள்ளலாம்.

எனினும், படமுறை தன்னை ஆக்கியோன் முன்னுணர்ந்த வேலைகளையே எளிதாக்கும். ஆயிரம் நிழற்படங்களின் பெயர்களில் ஆண்டைச் சேர்க்க வேண்டின், அதற்கெனப் பொத்தான் அமையாதபோது ஒவ்வொன்றாகவே தொட்டு மாற்றல் வேண்டும். எழுதுவோனுக்கு ஓரிரு வரிகள் போதும். 1973-இல் டக் மெக்கில்ராய் கூறிய கருத்தின்படி யுனிக்ஸில் ‘குழாய்’ அமைந்தபின், ஒரு கட்டளையின் விளைவு மற்றொன்றுக்கு உணவாயிற்று. ஆக்கியோர் எண்ணியும் பாராத வேலைகளுக்கு அச்சிறு சொற்கள் இணைந்து உதவின.

கண்பார்வை இல்லாதோர்க்கு இவ்வேறுபாடு இன்னும் பெரிது. திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் கருவிகள் உள்ளன. பெயரிடப்படாத படத்தின் முன் அவை என்ன படமென்று சொல்ல இயலாது நிற்கும். ‘எல்எஸ்’ தரும் பட்டியலையோ வரி வரியாகப் படித்துச் சொல்லும்.