பத்துபஸ்தியிலிருந்து பகல்நடைகள் – 3: ஹாரியட் இறக்கம்

அந்தமானுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பத்துபஸ்தியில் தங்குவதில்லை. விமானத்திலிருந்து இறங்கி, செல்லுலார் சிறையைப் பார்த்து, மறுநாள் காலை ஹேவ்லாக் கப்பலைப் பிடிக்கிற அவசரத்தில் அவர்களுக்கு இது கார் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிற ஒரு கடைவீதி. ஹார்டுவேர் கடை, கோழிக்கடை, மொட்டைமாடி தோறும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. பத்துபஸ்தியை ஒட்டிய போர்ட் பிளேரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பெரியம்மா மகன் வீடு இங்கே இருப்பதால் எனக்கு வாடகை மிச்சம். அண்ணன் ராமநாதபுரத்திலிருந்து மேஸ்திரி வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். தமிழ்நாட்டை ‘மெயின்லேண்ட்’ என்றுதான் சொல்வார். பிள்ளைகளைத் திட்டும்போது மட்டும் இந்தி வரும்.

ஆல்ப்ஸில் ஏரிக்கரை கிராமம் ஒன்றில் அறை எடுத்துக்கொண்டு, தினம் ஒரு மலைப்பாதையில் நடந்து, இருட்டுவதற்குள் அதே கட்டிலுக்குத் திரும்புவது ஐரோப்பியர்களின் பழைய வழக்கம். கூடாரமும் முதுகுச்சுமையும் வேண்டாம். மதியத்துக்கு ஒரு பொட்டலம் போதும். நான் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஏரிக்குப் பதில் கடல், ரொட்டிக்குப் பதில் அண்ணியின் புளிசாதம்.

உயரத்தைச் சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ஹாரியட் மலை 383 மீட்டர்தான். ஆனால் கொடைக்கானலில் ஆட்கள் இரண்டாயிரம் மீட்டர் வரை பஸ்ஸில் போய், அதற்குமேல் நடக்கிறார்கள். இங்கே படகிலிருந்து இறங்கும் இடம் பூஜ்யம். அங்கிருந்து நடந்தே ஏறினால் ஒவ்வொரு மீட்டரையும் காலால்தான் வாங்க வேண்டும். அதோடு காற்றில் இருக்கிற ஈரம். அரை மணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம்.

சிடியா தாப்பு நடையைப் பற்றிப் போன பகுதியில் எழுதியிருந்தேன். முண்டா பஹாட் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகையைப் பற்றிச் சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அது வெறும் பயமுறுத்தல் அல்ல. இந்தத் தீவுகளின் கழிமுகங்களில் உவர்நீர் முதலை உண்டு, ஆட்களைக் கொன்றும் இருக்கிறது. பலகை இருக்கிற கரையில் தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இடையில் ஒரு காலை சிப்பிகாட்டில் நடந்தேன். மலை இல்லை, மேடுகூட இல்லை. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. சுனாமி வந்து திரும்பிப் போயிற்று. ஆனால் இறங்கிய நிலம் மேலே வரவில்லை. நெல் விளைந்த வயல்களில் அன்று புகுந்த உப்புத் தண்ணீர் ஓதத்துக்கு ஓதம் வந்துபோய்க்கொண்டிருக்கிறது. பத்துபஸ்திக்குப் பக்கத்தில் ஏரி போலத் தெரிவது இதுதான். வரப்பு இருந்த இடத்தில் கொக்குகள் நிற்கின்றன. அந்தமான் தீவுகளுக்கே உரிய, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள சிறு வாத்தைப் பார்க்க, பறவைக்காரர்கள் தொலைநோக்கியோடு வருகிறார்கள். சாலையோரம் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் தன் வயல் எது என்று கை நீட்டிக் காட்டினார். தண்ணீருக்கு நடுவே ஒரு பட்ட தென்னை இருந்தது. அதைத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்.

இனி ஹாரியட்டுக்கு வருகிறேன்.

இங்கே கடிகாரத்தை நம்பி நடக்க முடியாது. குஜராத்துக்கும் அந்தமானுக்கும் ஒரே நேரம் வைத்திருக்கிறோம். ஜனவரியில் இங்கே ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறான், காட்டுக்குள் அதற்கும் முன்பே. ஆகவே நாலரைக்கு எழுந்தாக வேண்டும். அண்ணி அதற்கும் முன்பே எழுந்து, பொட்டலத்தோடு ஒரு பழைய மருந்துப் புட்டியில் உப்பு நிரப்பி வைத்திருந்தார்.

“அட்டைக்குங்க தம்பி. கையால பிச்சு எடுத்துராதீங்க, அரிச்சே கொன்னுரும்.”

சாத்தம் தீவு பாலத்தால் ஊரோடு ஒட்டியிருக்கிறது. அங்கே 1883-இல் தொடங்கிய அரசு மரஅறுவை ஆலை. ஆலைக்கு எதிரே ஜெட்டி. அங்கிருந்து பம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஃபெரி போகிறது. லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் அக்கரை.

பம்பூஃப்ளாட்டிலிருந்து உச்சி வரை தார்ச்சாலை இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அதில் ஏறி, பாதிவழியில் ஒரு வளைவில் நிறுத்துகின்றன. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் இருக்கிற காட்சி அங்கிருந்துதான்: தென்னைகளுக்கு நடுவே நார்த் பே, அதன் கலங்கரை விளக்கம். புது நோட்டில் எல்லோரா குகை வந்துவிட்டதால், ஓட்டுநர்கள் பழைய நோட்டு ஒன்றை மடிப்புக் கலையாமல் பர்ஸில் வைத்திருக்கிறார்கள். பயணி அதைக் கையில் பிடித்து, காட்சியோடு பொருத்திப் படம் எடுத்துக்கொண்டு, நோட்டைத் திருப்பித் தர வேண்டும். பிறகு உச்சியில் இருபது நிமிடம், டீ, திரும்புதல். இப்படிப் பார்த்தவர்கள்தான் ‘ஹாரியட்டில் ஒன்றுமில்லை’ என்று எழுதுகிறார்கள்.

ஹாரியட் யார் என்றால், ராபர்ட் டைட்லரின் மனைவி. டைட்லர் 1862 முதல் 1864 வரை இந்தக் கைதிக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1857 கிளர்ச்சியில், டில்லி முற்றுகையின்போது அந்த அம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. டில்லிக்கு வெளியே ராணுவ முகாமில், ஒரு மாட்டு வண்டியில் பிள்ளை பெற்றார். பிள்ளைக்கு வைத்த பெயர் ஸ்டான்லி டெல்லி ஃபோர்ஸ் டைட்லர். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைக்கத்தான் 1858 மார்ச்சில் இங்கே முதல் கைதிக் கப்பல் வந்தது. அவர்களைக் கொண்டு காட்டை வெட்டித் திருத்திய ஊரில், மலைக்கு அந்த அம்மாளின் பெயர் விழுந்தது. தற்செயல்தான். ஆனால் அந்தமானில் இப்படிப்பட்ட தற்செயல்கள் கொஞ்சம் அதிகம்.

2021 அக்டோபரில் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். 1891 ஆங்கிலோ–மணிப்பூர் போருக்குப் பிறகு மகாராஜா குலசந்திர துவஜ சிங்கையும் அவரோடு இருந்தவர்களையும் நாடுகடத்தி இந்த மலையில்தான் வைத்திருந்தார்கள். மழையும் மலையும் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது, கடல்தான் புதிது. மாற்றிய பெயரில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பம்பூஃப்ளாட் ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் அவருக்குப் புரிய ஒரு விநாடி ஆகிறது, அது வேறு விஷயம்.

உச்சி வரை அந்தத் தார்ச்சாலையிலேயே போனேன். அங்கிருந்துதான் என் காட்டுநடை தொடங்கியது. காலாபத்தர் வரை இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து காட்டுக்குள் இறங்கி மதுபன் கடற்கரை. மொத்தம் 16 கிலோமீட்டர் என்று கணக்கு. வனத்துறை அனுமதி வேண்டும், துணை இல்லாமல் போகக்கூடாது. எனக்குத் துணை வந்தவர் ராஞ்சிக்காரர். அதாவது அவர் ராஞ்சியைப் பார்த்ததே இல்லை. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து ஓராவன், முண்டா, கரியா மக்களைக் காட்டு வேலைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களுக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அது. தாத்தா மரம் வெட்டினார், அப்பா மரம் இழுக்கும் யானையோடு நடந்தார், தான் மரத்தைக் காட்டிக் கூலி வாங்குவதாகச் சொன்னார்.

உண்மையிலேயே மரத்தைக் காட்டத் தெரிந்தவர். படாக் மரத்தின் பலகை வேர்கள் என் தோளுக்கு மேல் நின்றன. அந்த மரத்தின் வைரம் சிவப்பு; இந்த ஊர்ப் பழைய வீடுகளின் கதவு நிலைகளில் இன்னும் அந்தச் சிவப்பைப் பார்க்கலாம். குர்ஜன் வேறு மாதிரி. கிளையில்லாமல் நேராக மேலே போய், மற்ற மரங்களையெல்லாம் தாண்டிய பிறகே தலை விரிக்கிறது. அதன் காய் ஒன்றைப் பொறுக்கித் தந்தார். நெல்லிக்காய் அளவு உருண்டை, அதன் தலையில் விரல் நீளத்துக்கு மேல் இரண்டு சிறகுகள், காய்ந்து நரம்போடியிருந்தன. மேலே எறிந்தால் இறகுப்பந்து போலச் சுழன்றுகொண்டு இறங்குகிறது. குனிந்து பொறுக்கி மறுபடி மறுபடி எறிந்துகொண்டிருந்ததில் நான் பின்தங்கிவிட்டேன். அவர் திரும்பி நின்று, “மதுபன் நம்மைத் தேடி வராது சாப்” என்றார்.

காலாபத்தர் ஒரு கரும்பாறை முனை. கீழே பள்ளம், மரத்தலைகள், அதற்கப்பால் கடல். தண்டனைக் கைதிகளை இங்கிருந்து தள்ளிக் கொன்றார்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை குறைவு. கொல்வதற்கு ஆங்கிலேயர்கள் வைப்பர் தீவில் முறையாகத் தூக்குமேடை கட்டி, யாரை எந்தத் தேதியில் என்று எழுதியும் வைத்தவர்கள்.

இந்த மலையில் நடந்த சாவுக்குக் கற்பனை தேவையே இல்லை. 1872 பிப்ரவரி 8. வைசிராய் மேயோ பிரபு குடியேற்றத்தைப் பார்வையிட்டு முடித்தார். பொழுது மிச்சமிருந்தது. காய்ச்சலில் சாகும் கைதிகளுக்கு மலைமேல் ஒரு சுகவாச இடம் அமைக்கலாமா என்ற யோசனை அவருக்கு. ஹாரியட்டில் ஏறினார், மேற்கே சூரியன் இறங்குவதைப் பார்த்தார். இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. தீவட்டி பிடித்துக்கொண்டு ஹோப்டவுன் ஜெட்டிக்கு வந்தார்கள். படகுக்குச் சில அடி இருக்கையில் ஷேர் அலி அஃப்ரிதி பாய்ந்து முதுகில் இரண்டு குத்து குத்தினான். பெஷாவர் ஆணையரிடம் வேலை பார்த்தவன், குலப்பகையில் நடந்த கொலைக்காக 1867-இல் தண்டனை பெற்றவன், ஹோப்டவுனில் நாவிதனாக இருந்தவன். கையில் இருந்தது சமையல் கத்தி. கப்பலுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மேயோ இறந்தார். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைசிராய் அவர்தான். மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் ஷேர் அலியைத் தூக்கிலிட்டார்கள்.

அன்று பகல் முழுக்கக் காவல் பலமாக இருந்ததால் ஷேர் அலியால் நெருங்க முடியவில்லை. ஹாரியட் ஏற்றம் நிகழ்ச்சி நிரலில் கடைசி நேரத்தில் சேர்ந்தது. இந்த அட்சரேகையில் அந்தி என்பது நீண்டுகொண்டே போகிற பொழுது அல்ல. மேற்கே சிவந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் காலடியில் இருட்டு நிற்கும். சூரியாஸ்தமனம் பார்க்கப் போகும் யாரும் டார்ச் இல்லாமல் ஏற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வைசிராய் ஒரு காரணம், பாதையில் குறுக்கே ஓடும் வேர்கள் இன்னொரு காரணம்.

காலாபத்தருக்குப் பிறகு ஆள் நடமாட்டம் இல்லை. பாதை ஓடைகளைத் தாண்டிப் போகிறது. தை மாதத்திலும் அந்தப் பள்ளங்களில் சருகு நனைந்தே கிடக்கிறது. அட்டைகள் அங்கேதான். நூல் கனத்தில் எழுந்து நின்று தலையை ஆட்டிக் காற்றில் தேடும். சாக்ஸின் பின்னலுக்குள் ஒன்று பாதி நுழைந்திருந்தது. அண்ணியின் உப்பில் ஒரு சிட்டிகை போட்டதும் சுருண்டு, நுரைத்து, விழுந்தது. ராஞ்சிக்காரர் உப்பையெல்லாம் மதிப்பதில்லை. வாயிலிருந்த புகையிலைச் சாற்றை விரலில் தொட்டு வைத்தார், அதற்கும் விழுந்தது.

பறவைகள் கண்ணில் படுவதைவிடக் காதில் படுவது அதிகம். மைனாவின் விசில், எங்கோ மரம் கொத்தும் கனத்த சத்தம். சத்தம் வந்த பக்கம் அசையாமல் நின்றதில், உடல் முழுக்கக் கறுத்து, கொண்டை மட்டும் சிவந்த அந்தமான் மரங்கொத்தி ஒரு முறை தண்டைச் சுற்றி வந்து காட்டியது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. புள்ளிமான் ஒன்றும் ஓடிற்று. அது இந்தக் காட்டைச் சேர்ந்ததல்ல, ஆங்கிலேயர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது. தின்பதற்கு இங்கே புலியோ சிறுத்தையோ இல்லாததால் பெருகி, முளைத்து வரும் கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது.

மதுபனில் கடல் தெரிந்தபோது மணி ஒன்றரை. நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். புளிசாதத்தை அவரும் நானும் பாதிப்பாதி. அவர் கொண்டுவந்த பொரித்த மீனும் அப்படியே. முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏறுவதற்கு நுரையீரல் போதும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள் கையில் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். பம்பூஃப்ளாட்டுக்கு ஜீப் கிடைத்து, ஃபெரி பிடித்து, இருட்டுவதற்குள் பத்துபஸ்தி வந்துவிட்டேன்.

அடுத்து திக்லிப்பூர். அங்கே சாடில் பீக், 732 மீட்டர், தீவுகளிலேயே உயரமானது. எப்படிப் போவது என்பதில் வீட்டில் தகராறு. அண்ணன் பஸ்ஸில் போகச் சொல்கிறார். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் துணையோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள்ளே ஓட்டிப் போகிற சாலை அது. அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. திக்லிப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு மருத்துவம், சந்தை என்று வேறு வழியில்லாத தேவை இருக்கலாம். மலை ஏறிப் பார்க்கப் போகிறவனுக்கு அது இல்லை. கப்பலில் போகிறேன் என்றேன்.

“ராத்திரி பூரா வாந்தி எடுப்ப. பஸ்ஸில ஏறித் தூங்கினா ஊர் வந்துரும். ஜன்னல் பக்கம் பாக்காம உக்காந்துக்கோ, அவ்வளவுதானே?” என்றார் அண்ணன்.

“அவரு பாக்கலைன்னாலும் பஸ் போகுதுல்ல” என்றார் அண்ணி, சட்டியைத் துலக்கிக்கொண்டே.

நாளை காலை ஃபீனிக்ஸ் பே கவுன்டரில் வரிசையில் நிற்கப் போகிறேன். ஏரியல் பே கப்பலுக்கு டிக்கெட் கிடைத்தால் அடுத்த பகுதி சாடில் பீக்கிலிருந்து. கிடைக்காவிட்டால் வண்டூர் பக்கம் ஏதாவது ஒரு கரைநடை.