கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மூக்கு

'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991). அந்த முதல் சந்திப்பு.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால கைதி ஹானிபல் லெக்டர். மேலே இருக்கற காற்றுத் துளைப் பக்கமா மூச்சை இழுக்கறார். தன்னைப் பார்க்க வந்த கிளாரிஸ் பூசற க்ரீம் எவியான்னு சொல்லிடறார். சில நாள் 'லேர் து டாம்' போடுவாளாம், இன்னிக்குப் போடலையாம்.

போடாத சென்ட்டைக் கண்டுபிடிச்சார் பாருங்க, அங்கேதான் உடம்பு சில்லிட்டுப் போகுது!

நினா ரிச்சி 1948-ல கொண்டுவந்த சென்ட் அது. பாட்டில் மூடியில புறாக்கள். எஃப்பிஐ பயிற்சியில இருக்கற அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நுட்பமான தேர்வு!

இதே மாதிரி, 'சென்ட் ஆஃப் எ வுமன்' (1992) படத்துல பார்வையில்லாத கர்னல் ஸ்லேடா வர்ற அல் பசினோ, ஒரு ஆசிரியை போட்டிருக்கற 'ஃப்ளர் த ரோக்காய்' சென்ட்டை வாசனையிலேயே சொல்லிடறார்.

திரை மணக்காது. ஆனாலும் பேரைக் கேட்டதும் மூக்கு ஏன் தேடுது?