கணப்பு அறை

குளிர் இல்லாத ஊரில் ஸ்வெட்டர் பின்னினால் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. சென்னைக்கு வந்த பிறகு இதுதான் என் பெரிய மனக்குறை. வீடு வசதியானது. பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மாடியிலிருந்து இறங்கினால் காய்கறிக் கடை, மருந்துக் கடை எல்லாம் உண்டு. ஆனாலும் விளக்கு வைக்கும் நேரமானால் கை ஊசியைத் தேடுகிறது. ஊசியை எடுத்த மாத்திரத்தில் மனது அரவங்காட்டுக்குப் போய்விடுகிறது.

மலை ரயிலில் குன்னூர் தாண்டினால் வெலிங்டன், அதற்கடுத்தது அரவங்காடு. அப்புறம் கேத்தி, லவ்டேல், ஊட்டி. என் கணவருக்கு அங்கே கார்டைட் ஃபேக்டரியில் வேலை. எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் பழைய காலத்துக் கட்டடம். முன்னறைச் சுவரில் கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. மற்ற அறைகளில் குளிர் தரையிலிருந்து காலில் ஏறும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மாசி பாதிவரை சாயங்காலமானால் குடும்பம் முழுவதும் அந்த ஒரே அறையில்தான். பிள்ளைகளின் பாடம், அவருடைய ரேடியோ, என் பின்னல் கூடை, என் புத்தகம், பூனை எல்லாம் கணப்பைச் சுற்றி. எங்களை அப்படிக் கூட்டி உட்கார வைத்தது பாசம் மட்டும் என்று சொல்ல மாட்டேன், குளிரும்தான். இந்த ஊரில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு மின்விசிறி. ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் குறையவில்லை. ஒரே அறையில் உட்காரத்தான் காரணம் இல்லாமல் போய்விட்டது.

எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வரிசை வீட்டு டீச்சரம்மா. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்தபோது கம்பளி நூலைக் கடை ஜன்னலில் பார்த்ததோடு சரி. "கையைச் சும்மா வச்சிருந்தா இந்த ஊர்க் குளிர் எலும்புக்குள்ள போயிடும்மா" என்று சொல்லி ஒரு ஜோடி பத்தாம் நம்பர் ஊசியைக் கையில் கொடுத்தார். போனி ஊசி, சாம்பல் நிறம், தலையில் எண் பதித்தது. அந்த ஊசி செய்யப்படும் இடம் எங்கள் வீட்டிலிருந்து ஊட்டி போகும் ரோட்டில் கொஞ்ச தூரம்தான், கேத்திக்குப் பக்கத்தில் எல்லநள்ளி. நீடில் இண்டஸ்ட்ரீஸ் 1949-ல் பதிவான கம்பெனி. இந்தியா முழுக்கப் பெண்கள் கையில் பிடித்திருக்கும் பின்னல் ஊசிகளும் தையல் ஊசிகளும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போகின்றன என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஊசி உள்ளூர், நூல் மட்டும் லூதியானாவிலிருந்து வரும்.

நிட், பர்ல் என்ற இரண்டே கண்ணிகள்தான் மொத்தப் பின்னலுக்கும் அடிப்படை. நூலை ஊசிக்குப் பின்னால் வைத்து இழுத்தால் ஒன்று, முன்னால் வைத்து இழுத்தால் மற்றொன்று. ரிப், மோஸ் எல்லாமே இந்த இரண்டை மாற்றி மாற்றிப் போடுவதில் வருபவை. இது பிடிபட்ட பிறகு ரோட்டில் போகிறவர்களின் ஸ்வெட்டரையெல்லாம் கண்ணி கண்ணியாகப் படிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தே ஒரு டிசைனை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் போட்டுப் பார்த்ததுண்டு.

நான் மிகவும் ஏங்குவது புது ஸ்வெட்டரை நினைத்தல்ல, பழைய ஸ்வெட்டரை வளர்த்ததை நினைத்து. மலையில் பிள்ளைகளுக்கு யூனிஃபார்மோடு ஸ்வெட்டரும் உண்டு. வருஷத்துக்கு வருஷம் கை நீளும், ஸ்வெட்டர் நீளாது. அதற்கு டீச்சரம்மா ஒரு வழி காட்டினார். மணிக்கட்டு ரிப்புக்குச் சற்று மேலே ஒரே ஒரு கண்ணியைக் கத்தரியால் வெட்ட வேண்டும். முதல் தடவை வெட்டும்போது யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். வெட்டிய நூலை ஊசி முனையால் அந்த வரிசை முழுக்க மெதுவாக உருவிக்கொண்டே போனால் ரிப் தனியாகக் கழன்று வந்துவிடும். மேலே அவிழாமல் வாய் திறந்து நிற்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றி, கீழ்நோக்கித் தேவையான நீளத்துக்குப் பின்னி, மறுபடி ரிப் போட்டு முடிக்கலாம். ஒரே நிற எண் என்று கேட்டு வாங்கினாலும் சாயத்தொட்டி மாறினால் நிறம் ஒரு பொடி மாறும். அதனால்தான் நூல் லேபிளில் லாட் எண் தனியாகப் போடுகிறார்கள். என் மகனுடைய நீல ஸ்வெட்டரின் கையில் அப்படி மெல்லிய பட்டைகள் வரிசையாக விழுந்தன. ஆறாம் வகுப்புப் பட்டை, ஏழாம் வகுப்புப் பட்டை என்று எனக்குத் தனித்தனியாகத் தெரியும். அதில் அவனுக்குக் கொஞ்சமும் கூச்சம் இருந்ததில்லை, வகுப்பில் பாதிப் பேர் கையில் பட்டை இருந்தது.

இனி வளர்க்க முடியாது என்றானதும் முழுவதையும் பிரித்துவிடுவோம். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கீழே ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டால், நல்ல கம்பளியாக இருந்தால் காயும்போது நேராகிவிடும். கேஷ்மிலான் என்ற செயற்கை நூல் அந்த அளவுக்குப் படியாது. கம்பளியின் குணமே தனி. அதன் இழையிலேயே நெளிவு உண்டு, அந்த நெளிவுகளுக்குள் காற்று தங்கித்தான் சூடு நிற்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. சாரலில் தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் பழைய கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அதற்கும் மேல் படுதா கட்டுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பால் ஊற்றிய அம்மாவுக்கு நான் பின்னிக் கொடுத்தது அவர் மகளுக்கும் போய், பிரிபட்டு, பேரனுக்குக் குல்லாவாகவும் ஆனது. இன்னார் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், எங்கள் வரிசையில் நாலு வீட்டில் வெள்ளையும் மஞ்சளும் ஊசியில் ஏறும். குல்லா ஒருத்தி, காலுறை ஒருத்தி, போர்வை ஒருத்தி என்று பேசிவைத்துக்கொள்வோம்.

பின்னிக்கொண்டே படிக்கலாம் என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. வட்ட ஊசியில் குழாயாகப் பின்னும்போது திருப்ப வேண்டியதில்லை, ஆகவே பர்ல் வரிசையே கிடையாது. நிட், நிட், நிட்தான். விரல் கண்ணியைத் தானாகத் தேடிக்கொள்ளும், கண் புத்தகத்துக்குப் போய்விடும். ஆனால் புத்தகம் மூடிக்கொள்ளாமல் கிடக்க வேண்டும். புது பேப்பர்பேக் இதற்கு உதவாது. என் மாமியார் கல்கியிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது, மணியம் படங்களோடு. முதுகு இளகிப்போன பழைய பைண்டு. முக்காலியில் விரித்துவைத்தால் அப்படியே கிடக்கும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு அங்குலம் ஸ்வெட்டர் வளரும். என் கணவரின் பச்சை ஸ்வெட்டரை இன்று தொட்டாலும், வயிற்றுப் பாகத்தில் வந்தியத்தேவன் எங்கே குதிரையில் போய்க்கொண்டிருந்தான் என்று சொல்வேன்.

'குறிஞ்சித் தேன்' படித்ததும் அந்த அறையில்தான். ராஜம் கிருஷ்ணன் படகர் வாழ்க்கையை எழுதிய நாவல். எங்களைச் சுற்றிலும் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்கள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால் எதிர் மேட்டில் அதே தேயிலை, அதே வெள்ளைத் துணி உடுத்திய பாட்டிகள். போன வருஷம் இங்கே அதை மறுபடி எடுத்தேன். கதை அப்படியேதான் இருந்தது. தலையைத் தூக்கும் இடங்களில் எதிர் ஃப்ளாட்டின் பால்கனி தெரிந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

டீச்சரம்மாவிடம் பின்னல் புத்தகங்களும் இருந்தன. அமெரிக்காவில் இருந்த அவருடைய உறவுக்காரப் பெண் அனுப்பியதில் எலிசபெத் சிம்மர்மன் எழுதிய 'நிட்டர்ஸ் அல்மனாக்' ஒன்று, 1974-ல் வந்தது. மாதத்துக்கு ஒரு வேலையாகப் பன்னிரண்டு மாதத்துக்கும் சொல்லியிருப்பார். அதில் ஜூலை மாதத்துச் சால்வை என்னை ஆட்டிவைத்துவிட்டது. நடுவில் தொடங்கி வட்டமாக விரியும் சால்வை. வட்டத்தின் ஆரம் இரண்டு மடங்கானால் சுற்றளவும் இரண்டு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த அம்மா அதையே பின்னலாக்கிவிட்டார். 9 கண்ணி போட்டு ஒரு சுற்று, உடனே 18 ஆக்க வேண்டும். 3 சுற்று பின்னி 36. 6 சுற்றுக்குப் பிறகு 72, 12-க்குப் பிறகு 144, 24-க்குப் பிறகு 288, 48-க்குப் பிறகு 576. நடுவில் எங்கேயும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், எந்த டிசைன் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கணக்கில் அவ்வளவு அழகு இருப்பதை எனக்கு எந்தக் கணக்கு டீச்சரும் காட்டியதில்லை. கடைசி 576 கண்ணியில் ஒரு சுற்றுக்குள் கணப்பில் ஒரு விறகு எரிந்து தீர்ந்துவிடும். சாயங்காலத் தேநீருக்கு ஊட்டி வர்க்கி வைத்தால் கையை அலம்பித் துடைத்துவிட்டுத்தான் அந்தச் சால்வையைத் தொடுவேன்.

பூனையின் பெயர் பஞ்சு. வெள்ளை, வால் நுனி மட்டும் சாம்பல். மழைக்குப் பயந்து விறகுக் கொட்டகையில் ஒதுங்கியிருந்த குட்டி. பூனைக்கு உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், 38 டிகிரிக்கு மேலே. நமக்கு இதமாக இருக்கும் அறை அதற்குக் குளிரும். அதனால்தான் மடி, அடுப்புத் திண்ணை, கம்பளி என்று தேடித் தேடி வருகிறது. பஞ்சு என் மடியில் ஏறியதும் முதல் காரியமாகப் பாதிப் பின்னிய ஸ்வெட்டரை முன்னங்கால் இரண்டாலும் மாற்றி மாற்றி அழுத்தும். தாயின் வயிற்றை அழுத்திப் பால் குடித்த குட்டிக் காலத்துப் பழக்கம் அது, வளர்ந்த பிறகும் போவதில்லை. நகம் கண்ணியில் மாட்டும்போது நான் பாதத்தைப் பிடித்து விடுவிக்கும்வரை அசையாமல் இருக்கும். நூல் துண்டுகளை மட்டும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைப்பேன். பூனையின் நாக்கில் உள்நோக்கிச் சொரசொரப்பு உண்டு. நூல் அதில் ஒட்டினால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் செய்யும். வயிற்றுக்குள் போன நூல் குடலைச் சுருக்கிவிடும். வாயில் நுனி தெரிந்தால்கூட நாம் இழுக்கக் கூடாது, மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். பின்னல் வீட்டில் பூனை வளர்க்கிற எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

என் கணவர் ஓய்வு பெற்று நாங்கள் கிளம்பியபோது பஞ்சுவைக் கூட்டிவரவில்லை. பூனைக்கு ஆளைவிட இடம்தான் பிடிமானம் என்று டீச்சரம்மா சொன்னார். "எங்கிட்டயே இருக்கட்டும்மா. உங்க ஊர் வெயில்ல அது என்ன பண்ணும்?" அது சரிதான் என்று எனக்கும் தெரியும். இங்கே மூன்றாவது மாடிக்காரர்கள் பூனை வளர்க்கிறார்கள். அது நாள் முழுக்கத் தரை டைல்ஸில் காலை நீட்டிக்கொண்டு மனிதர்களை விட்டுத் தள்ளியே கிடக்கிறது. மடியில் எடுத்துவைத்தேன், அரை நிமிஷத்தில் இறங்கிப் போய்விட்டது.

இங்கே திருப்பூர்ப் பருத்தி நூல் வாங்கிப் பின்னிப் பார்த்தேன். பருத்திக்குக் கம்பளியின் இழுவை இல்லை. ரிப் போட்டால் உடம்பைப் பிடிக்காமல் விரிந்து நிற்கும், விரல் கணுக்களும் சீக்கிரம் வலிக்கும். கம்பளியை எடுத்தாலோ உள்ளங்கை வியர்வையில் நூல் ஊசியில் ஓடாமல் நின்றுவிடுகிறது. பின்னியவற்றை நாஃப்தலீன் உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பேத்தி அவற்றைத் தொட்டுப் பார்த்து "குத்துது பாட்டி" என்கிறாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்கு நடுங்கிய அனுபவம் இல்லை.

டீச்சரம்மா அவ்வப்போது போன் செய்வார். சென்ற வாரம் பேசும்போது, "கண்ணு மங்கிப் போச்சும்மா. கண்ணியை எண்ண முடியல. எனக்கு ஒரு குல்லா போட்டு அனுப்பு" என்றார்.

"என்ன கலர்ல டீச்சரம்மா?"

"கலர் எதுவா இருந்தா என்ன, காது மூடணும். நல்ல கம்பளியா எடு. பஞ்சுவும் கிழவியாயிட்டா, ராத்திரி என் தலைமாட்டுலதான் படுக்கறா."

பெட்டியிலிருந்து அவர் கொடுத்த அதே பத்தாம் நம்பர் ஊசியை எடுத்திருக்கிறேன். மரூன் நிறம், அசல் கம்பளி, 120 கண்ணி, நாலு அங்குலம் ரிப். காதுக்கு மேல் அது இரண்டாக மடியும். விடியற்காலை நாலு மணிக்கு இந்த ஊரிலும் காற்றில் கொஞ்சம் சூடு குறைகிறது, கை வியர்ப்பதில்லை, நூல் ஓடுகிறது. தலை அளவு கேட்டதற்கு "உன் தலைக்குச் சரியா இருந்தா எனக்கும் சரிதான்" என்று சொல்லிவிட்டார். அதனால் அவ்வப்போது என் தலையைச் சுற்றி வைத்துப் பார்த்துப் பின்னிக்கொண்டிருக்கிறேன். பூனை படுக்க ஒரு விரிப்புக்கும் நூல் மிஞ்சும். புல்லில் உறைபனி விழத் தொடங்குவதற்குள் இரண்டும் அரவங்காடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.