பாதி ஆட்டத்துல சட்டம் போடாதீங்க!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு மேசை விளையாட்டு இருக்கு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ரெண்டு பேரும் எழுதி 1974-ல அமெரிக்காவுல வெளிவந்தது. வீரன், மந்திரவாதி, பூதம் எல்லாம் உண்டு. வீசின வாள் பட்டுச்சா இல்லையான்னு இருபது முகப் பகடை சொல்லும். வேடிக்கை என்னன்னா, அந்த முதல் புத்தகத்துல இந்தப் பகடை முறை வெறும் 'மாற்று முறை'தான். 1971-ல வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டோட விதிகளை வச்சு சண்டை போடச் சொல்லியிருந்தாங்க. ஆடினவங்க மாற்றையே பிடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு அதுதான் சட்டம்!

நம்ம ஆடுபுலி ஆட்டத்துல எல்லாமே வீட்டுச் சட்டம்தான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொண்ணா வைக்கணும். எல்லா ஆடும் இறங்கின பிறகுதான் ஆடு நகரலாம். புலி நேர்க்கோட்டுல ஆட்டைத் தாண்டி, காலிப் புள்ளியில குதிச்சா ஆடு காலி. புலிகளை நகர விடாம அடைச்சா ஆடுகளுக்கு வெற்றி. இதுவரைக்கும் தகராறு இல்லை. ஒரே முறையில ரெண்டு ஆட்டை வெட்டலாமா? வெட்ட வாய்ப்பிருந்தா வெட்டியே ஆகணுமா? அங்கதான் ஆரம்பிக்கும்.

எங்க திருத்தணி 1960 வரைக்கும் ஆந்திராவுல இருந்த ஊர். சொந்தக்காரங்க எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்காங்க. நகரியிலேர்ந்து வர்ற மாமா பையனுக்கு இது 'புலி மேக'. மேக-ன்னா தெலுங்குல ஆடு. பாதி ஆட்டத்துல, "எங்க ஊர்ல ரெண்டு வெட்டலாம்"னு குதிச்சுட்டான். ஆடு வச்சிருந்த சித்தி பொண்ணு, ஒன்பது வயசு, புளியங்கொட்டையை எல்லாம் கலைச்சுட்டு, இனிமே ஆடவே மாட்டேன்னு எழுந்துட்டா.

அவளைத் திரும்ப உட்கார வைக்க ரெண்டே விஷயம் பேசி முடிவு பண்ணோம். புதுச் சட்டத்தை முதல் ஆடு இறங்குறதுக்கு முன்னாடியே சொல்லணும். சொன்னவர் அதே சட்டத்தோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முறை ஆடணும்.

மாமா பையன் ஆடு பக்கம் உட்கார்ந்து ஜோடி ஜோடியா பறிகொடுத்தான். 'ரெண்டு வெட்டு' சட்டத்தை அவனே வாபஸ் வாங்கிட்டான். அடுத்து 'வெட்டியே ஆகணும்'னான். புலிக்குச் சாதகம்னுதான் எல்லாரும் நினைச்சோம். சித்தி பொண்ணு ஒரு ஆட்டைத் தூண்டில்ல வச்சு புலியை மூலைக்கு இழுத்தா. வெட்டாம இருக்க முடியாத புலி, வெட்டிட்டு மாட்டிக்கிச்சு! அந்தச் சட்டம் இன்னும் எங்க வீட்ல இருக்கு.

சட்டம் யாருக்கு லாபம்னு பேசிக் கண்டுபிடிக்க முடியாது, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும். பூதத்தோட மோதினாலும் சரி, புலியோட மோதினாலும் சரி.

முருகன் கோபம் தணிஞ்ச மலைங்கறதால இங்க சூரசம்ஹாரமே நடத்துறதில்லை. புளியங்கொட்டைக்காக நாம ஒண்ணு நடத்துவானேன்?