பாட்டு வரவில்லையே!

தொலைக்காட்சித் தொடர்களின் முகப்புப் பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், "உமக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா, ஸார்?" என்று கேட்டார். அகப்படாமல் என்ன? கொல்லிமலை எடப்புளி நாட்டில் உட்கார்ந்திருப்பவன் மிளகைப் பற்றி எழுதலாம். மலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் புலம்பலாம். ஆனால் சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்னை விடமாட்டேன் என்கிறது.

முதலில் கொஞ்சம் பூர்வ கதை. 1999-ஆம் வருஷம் நான் கலாசாலை மாணவன். விடுமுறைக்கு மலைக்கு வருவேன். எங்கள் ஊரில் அப்பொழுது ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அந்த வருஷந்தான் ராதிகா நடித்த "சித்தி" சன் தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. இரவில் அதன் பாட்டுக் கிளம்பியதோ இல்லையோ, ஊர்ப் பெண்களெல்லாம் அந்த வீட்டுத் திண்ணைக்கு ஓடுவார்கள். என் தாயார் மட்டும் போகமாட்டாள். பிறர் வீட்டில் போய் உட்காருவது என் தகப்பனாருக்குப் பிடிக்காது. அம்மா எங்கள் வாசற்படியில் வந்து நிற்பாள். பாட்டு முடிந்ததும் பேசாமல் அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடுவாள். இரண்டு வருஷ காலம் இப்படி நடந்தது. களைப்பாற நிற்கிறாள் என்றுதான் பட்டப் படிப்புப் படித்த நான் நினைத்திருந்தேன்!

அந்தப் பாட்டை எழுதியவர் வைரமுத்து, மெட்டமைத்தவர் தினா, பாடியவர் டி. கே. பட்டம்மாளின் பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன். சங்கீத சபையின் வாசலைக் கண்டறியாத எங்கள் மலைப் பெண்களுக்கு அந்தக் குரல் மனப்பாடம். 2002-இல் வந்த "மெட்டி ஒலி"க்கும் தினாவே இசை. பாட்டில்லாத தொடர் மேளமில்லாத கல்யாணம் என்று ஜனங்கள் எண்ணிய காலம் அது.

கதைக்கு முன்னால் சத்தம் எழுப்பி ஆள் கூட்டுவது நமக்குப் புதிதா, என்ன? தெருக்கூத்தில் வேஷக்காரர் வருமுன் மேளமும் தாளமும் முழங்கிக் களரி கட்டுகிறார்கள். அதைக் கேட்டுத்தானே ஊரார் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்! அமெரிக்காவில் 1930-களில் சோப்பு வியாபாரிகள் பணம் கொடுத்து வானொலியில் தினசரி நாடகம் நடத்தினார்கள். அதனால் இன்றளவும் அந்த வகைக்குச் "சோப்பு நாடகம்" என்றே பெயர். அவற்றின் ஆரம்பத்தில் ஆர்கன் வாத்தியம் ஒலிக்கும். பாத்திரம் துலக்குகிறவளுக்குக் கை ஓயாது, கண்ணும் ஓயாது. காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. அந்தக் காதைப் பிடித்து இழுப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கீதம் அது. நாலு வீடு தள்ளி இருந்தாலும் இன்ன கதை என்று தெரியவேண்டும்.

இப்பொழுது கதை கைபேசிக்குள் நமக்காகக் காத்துக் கிடக்கிறது. கூப்பிட வேண்டிய அவசியமில்லை. 2017-இல் நெட்பிளிக்ஸ்காரர்கள் முகப்பைத் தாண்டிப் போவதற்கென்றே ஒரு பொத்தான் வைத்துவிட்டார்கள். சௌகரியந்தான், மறுக்கவில்லை. ஒரே மூச்சில் நாலு பாகம் பார்ப்பவன் நாலு தடவை பாட்டுக் கேட்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

சென்ற மாதச் சம்பவத்துக்கு வருகிறேன். என் தகப்பனார் காலமாகிப் பல வருஷங்களாகின்றன. அம்மா சித்தியின் கதையைப் பார்த்ததேயில்லை என்பது பேச்சுவாக்கில் தெரிந்ததும், என் பையன் கைபேசியில் அதைத் தேடி எடுத்தான். வழக்கம்போல் விரலால் தள்ளிப் பாட்டைத் தாண்டிவிட்டு அவளிடம் கொடுத்தான். அம்மா சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இது வேற கதை, கண்ணு. பாட்டு வரலியே!" என்றாள்.

பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "முதலிலிருந்து போடடா" என்றேன்.

பாட்டு ஆரம்பமாயிற்று. அம்மா வெற்றிலையைக் கீழே வைத்தாள். உதடுகள் ஒரு சொல் பிசகாமல் கூடவே அசைந்தன. பாட்டு முடிந்தது. முழங்காலில் கையூன்றி மெள்ள எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் நடந்தாள்.

"எங்கே போறீங்க, அப்பத்தா? கதை இனிமேதானே!" என்று பையன் கூவினான்.

அம்மா நிலைப்படியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.