பலா மரத்துக்கு அப்பால்

ஜவ்வாது மலையில் ரேடியோப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு காலத்தில் மரம் ஏறவும் தெரிந்தவர்களாக இருந்தார்கள். பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்குள் மீடியம் வேவ் பகலில் சரியாக இறங்காது. செம்புக் கம்பியை இழுத்துக்கொண்டுபோய்ப் புளிய மரத்து உச்சாணிக் கிளையில் கட்ட வேண்டும். இருட்டிய பிறகு இரைச்சலுக்கு நடுவே இலங்கை வானொலி மெல்லத் தலைகாட்டும். அப்பா அந்தத் தலைமுறை. போளூர்ப் பக்கத்திலிருந்து வாத்தியார் வேலைக்காக மலையேறியவர். சிறுவயதில் அந்த வானொலியின் அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலைக் கேட்டு வளர்ந்தவர். மலைக்கு வந்த பிறகு அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’க்காகக் கம்பி கட்டினார்.

மற்ற வாத்தியார்கள் சனிக்கிழமையானால் பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிடுவார்கள். அப்பாவுக்கு மலை பிடித்துப்போயிற்று. சாமைச் சோறு, மார்கழிப் பனி, வாசலில் வந்து நின்று ‘வாத்தியாரே’ என்று கூப்பிடுகிற குரல் எல்லாமே பிடித்தன. கச்சேரி மட்டும்தான் அவருக்குக் கீழேயே நின்றுவிட்டது. மலையில் பாட்டு இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாமி கும்பிடவும் இந்த மக்களுக்கென்று ஆட்டமும் மேளமும் இருந்தன. அப்பா அதையும் மரியாதையோடு உட்கார்ந்து கேட்பார். ஆனால் ஒரு தோடி ராகத்தை முழுசாகக் கேட்க வேண்டும் என்ற தாகம் அவருக்குள் தனியாக இருந்தது. அகில இந்திய வானொலி அதை அவ்வப்போது தீர்த்துவைத்தது. அதுவும் காற்றும் மழையும் இடம் கொடுத்தால்தான்.

2006 வாக்கில், பெங்களூரில் வேலைக்குப் போன அண்ணன் ஒரு வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோவை வாங்கிவந்தான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிய வாய்ப்பில்லை. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் எய்ட்ஸ் பற்றிய அடிப்படைத் தகவல்கூடப் போய்ச் சேராமல் மக்கள் சாவதைப் பார்த்து, வானத்திலிருந்தே நேராக ஒரு சின்ன ரேடியோவுக்குச் செய்தியை இறக்க முடியாதா என்று யோசித்த மனிதர் அவர். ஆப்பிரிக்காவுக்காக 1998 அக்டோபரில் ஆஃப்ரிஸ்டார் என்ற செயற்கைக்கோள் மேலே போனது. ஆசியாவுக்காக 2000 மார்ச்சில் ஏரியான் 5 ராக்கெட்டில் ஆசியாஸ்டார் போனது. கடைசியில் காசு கட்டிக் கேட்டவர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். தமிழுக்குக் கேஎல் ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ‘ஸ்ருதி’, இந்துஸ்தானிக்குக் ‘காந்தர்வ்’, பழைய இந்திப் பாட்டுக்கு ‘ஃபரிஷ்தா’. முகப்பிசை ஏ.ஆர். ரகுமான். விளம்பரம் குறுக்கே வராது என்பதுதான் அப்பாவைக் கட்டிப்போட்டது. ஒருவர் ராகம் பாடினால் பாடி முடிக்கும்வரை பாடலாம்.

ஆனால் பெட்டி வந்த அன்று அது ஊமையாக இருந்தது.

கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத் தட்டு வந்திருந்தது. அதுதான் ஆன்டெனா. அது வானத்தைப் பார்க்க வேண்டும். சும்மா வானத்தை அல்ல, குறிப்பிட்ட ஓர் இடத்தை. ஆசியாஸ்டார் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றது. எங்கள் மலையிலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே ஒதுங்கி, தலையை அண்ணாந்தால் ஐம்பத்தைந்து பாகைக்குச் சற்று மேலே. அவ்வளவு உயரம் என்பதால் எதிர்மலை மறைக்கவில்லை. மறைத்தது எங்கள் வீட்டுப் பலா மரம். டிஷ் டிவியின் அலையை மழை தடுக்கும். 1.5 கிகாஹெர்ட்ஸ் அருகே வருகிற இந்த அலையை மழை பெரிதாக ஒன்றும் செய்யாது, இலை தடுக்கும். ஈரம் சொட்டுகிற பலா இலை என்றால் சொல்லவே வேண்டாம். மரத்தை வெட்டுகிற பேச்சை அம்மா எடுக்கவே விடவில்லை. எடுத்திருந்தாலும் அப்பா ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஆகவே தட்டு மரத்தைத் தாண்டிப் போக வேண்டும். பெட்டியோடு வந்த ஒயர் திண்ணை வரைக்குமே எட்டியது. டவுனிலிருந்து வாங்கிவந்த மெல்லிய ஒயரை, வீட்டு வயரிங்கில் செய்கிற மாதிரி முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப்போட்டுத் தட்டை வேலியோரம் வைத்தோம். பெட்டியின் சின்னத் திரையில் சிக்னல் அளவு ஏறவே இல்லை.

வழி சொன்னவர் எங்கள் மலையிலேயே இருக்கிற காவலூர் அப்சர்வேட்டரியில் மின்வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன். கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டோம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. காவலூரின் தொழிலே தூரத்திலிருந்து வருகிற மெலிந்த ஒளியைச் சிந்தாமல் பிடிப்பதுதான். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்த 1977 மார்ச் 10 இரவில், அந்தக் கிரகத்தின் பின்னே போன ஒரு நட்சத்திரத்தின் ஒளி ஏறி இறங்கியதைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தபோது அது ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றாக இருந்தது. அந்த ஒளி கெடக்கூடாதென்று தெருவிளக்கைக்கூடத் தணித்து வைத்திருக்கிற ஊர்ப் பக்கம் எங்களுடையது.

அவர் ஒட்டைப் பிரித்துப் பார்த்தார். “வாத்தியாரே, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வர்றது உங்க திண்ணைக்கு வர்ற பத்தடியில சாவுது” என்றார்.

அன்று அவர் விளக்கியது அப்படியே மனதில் நிற்கிறது. அந்த அலைவரிசையில் ஒயர் என்பது ஓட்டைக் குழாய் மாதிரி. போகப் போக ஒழுகும். மெல்லிய ஆர்ஜி-58 வகை ஒயர் நாலைந்து மீட்டருக்குள் சிக்னலில் பாதியைக் குடித்துவிடும். பதினைந்து மீட்டர் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கிற தடித்த ஆர்ஜி-6 அதே தூரத்தில் நாற்பது சதவீதம்போல மிச்சம் வைக்கும். நடுக்கம்பியையும் அதைச் சுற்றிய வலையையும் முறுக்கி ஒட்டினால், வந்த அலையில் ஒரு பகுதி ஒட்டிலேயே முட்டித் திரும்பிவிடும். அதற்கென்று இருக்கிற முனை வைத்துத்தான் இணைக்க வேண்டும். இன்னொன்று, நாங்கள் யாரும் நினைத்துப் பாராதது: அந்தத் தட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பூஸ்டர் உண்டு. அதற்குக் கரண்ட் இதே ஒயர் வழியாகத்தான் பெட்டியிலிருந்து போகிறது. வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் பூஸ்டர் படுத்துவிடும். எங்கள் ஒட்டில் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

பிறகு வேலூரிலிருந்து தடித்த ஒயர் வந்தது. ஈயம் வைத்துப் பற்றிய முனைகள் வந்தன. ஒட்டின் மேல் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினார் அந்த அண்ணன். தட்டு பலா மரத்துக்கு அப்பால், ஒரு கல்தூணின் தலைக்குப் போயிற்று. அப்பா வீட்டுக்குள்ளிருந்து திரையைப் பார்த்துக்கொண்டு “ஏறுது, ஏறுது” என்று கத்த, நான் வெளியே தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். திடீரென்று ஒரு நாகஸ்வரம். இலங்கை வானொலியைப் போல இரைச்சலிலிருந்து மெல்ல மேலே ஏறி வரவில்லை. டிஜிட்டல் அலைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லையேல் ஒன்றுமே இல்லை. நடுவே எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், பக்கத்து அறையில் வாசிப்பதைப் போல அது வந்தது. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று ஆண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக அந்த வாழ்க்கை இருந்தது. அதிகாலையில் ‘ஸ்ருதி’, சமையல் நேரத்தில் அம்மாவுக்குக் கேஎல் ரேடியோ. கரண்ட் போன நாட்களில் பேட்டரி. தேன் கொண்டுவருகிற பாட்டி ஒருத்தி இருந்தாள். தவில் கேட்டால் வாசலிலேயே கூடையை இறக்கிவைத்துவிட்டு, வாசிப்பு முடிகிற வரைக்கும் நகர மாட்டாள். தனி ஆவர்த்தனத்தில் கணக்கு எங்கே திரும்புகிறது என்பதை அவள் தலையசைப்பிலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்று அப்பா சொல்வார். சமாரா நினைத்தது ஆப்பிரிக்காவின் ரோடு இல்லாத கிராமங்களை. இந்தியாவில் அவருடைய பெட்டி பெரும்பாலும் நகரத்து ஹால்களில்தான் உட்கார்ந்திருந்தது. அவர் மனதில் வைத்திருந்த கேட்பவர் அந்தப் பாட்டியைப் போன்ற ஒருத்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் கடைசியில், 31-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நிற்கிறது என்ற செய்தி வந்தது. மார்கழி பாதி. சென்னைச் சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருந்த நாட்கள். அப்பா கடைசி வாரம் முழுக்கப் பெட்டியை அணைக்கவில்லை. 31-ஆம் தேதி இரவு பௌர்ணமி, நள்ளிரவு தாண்டி நிலவின் ஓரத்தை ஒரு சின்னக் கிரகணம் தொட்டுப்போனது. அதைப் பார்க்க மலையில் பலர் விழித்திருந்தார்கள். அப்பா பெட்டிக்கு முன்னால் விழித்திருந்தார். ஒயரில் பழுதில்லை, தட்டு சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, மேலே செயற்கைக்கோளும் நின்ற இடத்தில்தான் நின்றது. பாடுவதற்கு ஆள் வைத்திருந்த வீடு மட்டும் மூடப்பட்டுவிட்டது. இது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. கருவி கெட்டால் சரிசெய்யலாம். மழை தடுத்தால் காத்திருக்கலாம். இலங்கை வானொலி மங்கியபோதுகூடக் கம்பியை இன்னும் ஒரு கிளை ஏற்றிக் கட்டிப்பார்க்க முடிந்தது.

அப்பா இப்போது இல்லை. மலையில் செல்போன் கோபுரம் இருக்கிறது. அவர் தேடிய தோடிகள் எல்லாம் கைக்குள் கிடைக்கின்றன. கிடைக்காதது வேர்ல்டுஸ்பேஸின் அந்த அறிவிப்பாளர்கள். அடுத்து வரப்போகும் கீர்த்தனையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்ட அந்தக் குரல்கள்தான் எங்களுக்கு ராகங்களின் பெயரைக் கற்றுக்கொடுத்தன. பாடியவர்களின் பாட்டு வேறு இடங்களில் பிழைத்துக்கொண்டது. இவர்களின் பேச்சு அந்த நிலையங்களுக்காக மட்டுமே பேசப்பட்டது.

அப்பா டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் நிறையக் கேசட் பதிந்துவைத்திருக்கிறார். எல்லோரையும் போலத்தான் பதிந்தார்: பேச்சு வந்ததும் நிறுத்தி, பாட்டு தொடங்கியதும் அழுத்தி. கேசட் வீணாகக்கூடாது என்ற கவலை. அவற்றை இந்த ஆண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுவருகிறேன். ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் விரல் பிந்தியிருக்கிறது. ஒரு பெண்குரல் ராகத்தின் பெயரையும் தாளத்தையும் சொல்கிறது. அதற்குள் வெட்டு.

அந்தக் காலத்தில் வேர்ல்டுஸ்பேஸிலிருந்து கேசட்டிலோ கம்ப்யூட்டரிலோ எதையாவது பதிந்தவர்கள் இன்னும் ஊர் ஊருக்கு இருப்பார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாட்டை விடுங்கள், அது எங்கும் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் யாராவது பேசியிருக்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள்.